புளியமூட்டில் ஒரு வெடி

1951-ஆம் வருஷம், மாசி மாதம். மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் கொடை என்று சொல்லும் திருவிழா முடிந்த மறுநாள் காலையில்தான் இது ஆரம்பித்தது. அப்போது எங்கள் ஊர்களெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயது, என் தங்கைக்குப் பதினேழு. எங்கள் இருவருக்கும் வீடு கிடையாது.

வீடு கிடையாது என்றால் வாடகை வீட்டில் இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். படுக்க இடமே கிடையாது. அப்பா மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். வேலை செய்பவருக்குத்தான் லயம் என்கிற வரிசை வீட்டில் இடம். அவர் காய்ச்சலில் போனதும் அந்த அறைக்கு வேறு குடும்பம் வந்தது. அது நியாயம்தான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். அம்மை அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். பெரியப்பா வீட்டில் நாலு மாதம் இருந்தோம். ஒருநாள் தங்கை சாப்பிடும்போது பெரியம்மை அவள் தட்டை எட்டிப் பார்த்தாள். அன்று மத்தியானமே மூட்டையைக் கட்டிவிட்டேன். எனக்கு அப்போது வாய் நீளம், ரோஷம் அதைவிட நீளம்.

கொடை நடக்கும் பத்து நாளும் எங்களுக்கு நல்ல நாட்கள். எங்கெங்கோ இருந்து வண்டி கட்டி வந்த குடும்பங்கள் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கி, மூன்று கல் வைத்துப் பொங்கித் தின்று, மணலில் பாய் விரித்துப் படுப்பார்கள். பெரிய வீட்டுக்காரிகளும் அப்படித்தான். நானும் தங்கையும் அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தோம், பாத்திரம் தேய்த்தோம், அவர்கள் கொட்டகை ஓரத்திலேயே படுத்துக்கொண்டோம். "எந்த ஊரு பிள்ளே?" என்று கேட்டால் வாயில் வந்த ஊரைச் சொல்லுவேன். எல்லாரும் வெட்டவெளியில் கிடந்ததால் எங்களை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. பத்து நாளும் நாங்கள் மற்றவர்களைப் போலவே இருந்தோம்.

பதினோராம் நாள் காலையில் எல்லாரும் வண்டி பூட்டினார்கள். பிள்ளைகளை ஏற்றி, பானைகளை ஏற்றி, ஓலையைப் பிரித்து அடுக்கினார்கள். ஒரு சிறுமி வண்டியில் இருந்துகொண்டு, "வீட்டுக்குப் போறோம், வீட்டுக்குப் போறோம்" என்று கையைத் தட்டிக்கொண்டே போனாள். அந்த வண்டி கண்ணுக்கு மறையும்வரை என் தங்கை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் திட்டி அடுப்புக்கல்லை எடுக்கச் சொன்னேன்.

அப்போதுதான் ஒரு ஆள் வந்தான். தேங்காய் மூட்டை சுமக்கிறவன். தலையில் சாக்கைக் கூம்பாக மடித்துக் கவிழ்த்திருப்பான், முகம் பாதிதான் தெரியும். எங்களைப் பார்த்து நின்று, "கொடை முடிஞ்சாச்சுல்லா, நீங்க போவலியா?" என்று கேட்டான். கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல் சிரித்தான். போக இடம் இல்லாத இரண்டு பெண்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அங்கிருந்து நடந்து, தக்கலை போகும் வழியில் புளியமூடு என்று சொல்லும் இடத்துக்கு வந்தோம். ஒரு பெரிய புளியமரம், அதன் மூட்டில், அதாவது அடியில், வழிநடக்கிறவர்கள் இளைப்பாற ராஜா காலத்தில் கட்டிய ஒரு வழியம்பலம். கல்தூண், கல்கூரை, மூன்று பக்கம் திறப்பு. கதவு என்ற பேச்சே இல்லை. பகலில் நான் வீடு வீடாகப் போய் நெல் குத்துவேன். தங்கை சகிரி என்கிற தேங்காய் நாரை வாங்கி வந்து கயிறு திரிப்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் அந்தக் கல்லுக்குள் வந்து சேருவோம்.

சாயங்காலம்தான் எனக்குத் தாங்காது. விளக்கு வைத்தபிறகு ஊருக்குள் ஒவ்வொரு வீடாகத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். மரத்தாழ்ப்பாள் மந்தமாக விழும், இரும்புத் தாழ்ப்பாள் கணீரென்று விழும். எந்த வீட்டில் எது என்று எனக்குப் பாடம். நெல் குத்தப் போகும் வீடுகளிலும் நான் முதலில் கதவைத்தான் பார்ப்பேன். நகையையும் சேலையையும் பார்த்துப் பொறாமைப்படுகிற வயதில் நான் தாழ்ப்பாளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு வீட்டில் யாரும் இல்லாத நேரம் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுப் போட்டு எடுத்திருக்கிறேன்.

பங்குனியில் ஒருநாள் அந்த ஆள் புளியமூட்டுக்கே வந்துவிட்டான். நான் திரும்பி வந்தபோது தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் உலக்கையோடு வருவதைப் பார்த்துக் கையை விட்டான். ஓடவில்லை. நிதானமாகச் சாக்கைத் தலையில் சரிசெய்து, "இங்கதானே இருப்பிய" என்று சொல்லிவிட்டுப் போனான். தங்கை அன்று இரவு முழுவதும் என் சேலை முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுத்தாள்.

எனக்குத் துப்பாக்கி ஞாபகம் வந்தது அன்றைக்குத்தான். தோட்டத்துத் துரை இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பார். அவர் வந்தால் நாய்கூட வழிவிடும். அதை அவர் ஒருநாளும் உறையிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை. எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. அப்படி ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்தேன். எங்கள் பேச்சில் துப்பாக்கிக்குத் 'தோக்கு' என்று பெயர். கைத்தோக்கு ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன்.

உரிமம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சரி, முறையாகவே போவோம் என்று தங்கையையும் கூட்டிக்கொண்டு தக்கலைக்கு நடந்தேன். தாலுகா கச்சேரி வாசலில் மரநிழலில் ஒருவர் பெட்டியைப் போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்து எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுத ஆரம்பித்தார்.

"வீட்டுப்பேரு சொல்லு."

எங்கள் பக்கத்தில் அப்பன் பேருக்கு முன்னால் வீட்டுப்பேர்தான் கேட்பார்கள். தங்கை சட்டென்று, "புளியமூடு" என்றாள். அவர் அதை அழகாக எழுதினார். காகிதத்தில் அதைப் பார்த்தபோது எங்களுக்கு வீடு இருப்பது போலவே இருந்தது.

"கரம் தீத்த ரசீது உண்டா?"

வீட்டுக்கோ நிலத்துக்கோ வரி கட்டிய சீட்டைக் கேட்கிறார். இல்லை என்றேன். விசாரித்தார், எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. காகிதத்தை நாலாக மடித்து என் கையில் தந்தார்.

"வீடும் இல்ல, சொத்தும் இல்ல. காக்கதுக்கு என்ன இருக்குன்னு பிள்ளே தோக்கு கேட்டு வந்திருக்க?"

என் தங்கை என் பக்கத்தில்தான் நின்றாள். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர் சட்டத்தைச் சொன்னார். ஆனால் அந்த வெயிலில் திரும்பி நடந்த தூரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

புளியமூட்டுக்குப் பின்பக்கம், ஒரு கூப்பிடு தூரத்தில், தனியாக ஒரு விளை உண்டு. பத்துப் பதினைந்து தென்னை, இரண்டு பலா, நடுவில் ஓட்டு வீடு ஒன்று. அதில் முப்பத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் வெடி வழிபாடு என்று ஒன்று உண்டு. நேர்ச்சை என்கிற வேண்டுதல் நிறைவேறினவர்கள் அம்மனுக்கு வெடி போடச் சொல்லுவார்கள். கதினா என்கிற இரும்புக் குழாயில் மருந்து இடித்து நிரப்பித் திரி வைத்தால் ஊரே அதிரும். அதைச் செய்துவந்தவர் இவளுடைய கணவர். பர்மாச் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவர், இரண்டு வருஷத்தில் நெஞ்சுநோவில் இறந்துவிட்டார். பிறகு மருந்து இடித்துத் தருகிற வேலையை இவளே பார்த்தாள். கொடை சமயத்தில் அவளுக்கும் நாங்கள் தண்ணீர் சுமந்திருக்கிறோம். மைனி என்று கூப்பிடுவோம். மைனி என்றால் அண்ணன் மனைவி. இல்லாத அண்ணனுக்கு ஒரு மனைவியை நாங்களே ஏற்படுத்திக்கொண்டோம்.

மருந்து இருக்கிற வீடு என்பதால் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் பீடியோடு நடக்கக்கூடப் பயப்படுவார்கள். ஆனால் ஊர்ச்செய்தி எப்படியோ அவளுக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஏட்டி, தோக்கு வாங்கக் கச்சேரிக்குப் போனியாமே? துரைச்சி ஆயிட்டியா?" என்று சிரித்தாள். நான் மணிக்கட்டு விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. உள்ளே போனாள். வெளியே வரும்போது அவள் கையில் ஒரு முறம் இருந்தது. முறத்தில் மூன்று கைத்தோக்கு.

பட்டப்பகலில், அடுக்களைப் பின்புறத்தில், அரிசி புடைக்கிற முறத்தில் வைத்து நான் துப்பாக்கி தேர்ந்தெடுத்தேன். ஒன்று பெரியது, ஆறு குண்டு போடுகிற பட்டாளத்துச் சாமான். இன்னொன்று சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கும். மூன்றாவது யாரோ கொல்லர் செய்த நாட்டுச் சரக்கு, பிடியில் செம்புக்கம்பி சுற்றியிருந்தது. இவற்றை அவள் கணவர் எப்படிக் கொண்டுவந்தார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "போலீசு வந்தா எனக்குத்தான் கேடு. எங்கயாம் போனாச் சரி" என்றாள்.

சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் அல்லவா, எனக்கு வேறு வழி தெரியாமல் மூன்றையும் விரலால் தட்டிப் பார்த்தேன். மைனிக்கு அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாட்டுத் தோக்கு மழையில் நனைந்தால் வெடிக்காது, அது வேண்டாம் என்று அவளே ஒதுக்கினாள். சின்னது தங்கையின் கைக்குச் சரியாக இருந்தது. ஆனால் அதற்குக் குண்டு இல்லை. பெரியதற்கு இரண்டு குண்டு மட்டும் இருந்தது.

"பெருசுதான் வேணும். பாத்தாலே பயப்படணும்" என்றேன்.

"சரி. கொளத்துல குளிக்கப் போவும்போ இத எங்க வைப்ப?"

"கரையில வைப்பேன்."

"எவனாம் எடுத்துக்கிடுவான். பொறவு அவன் கையில தோக்கு, ஒனக்க கையில மஞ்சளு. நெல்லு குத்தப் போற வீட்டுக்கு இடுப்புல செருகிட்டுப் போவியா? ஒறங்கும்போ தலமாட்டுல வச்சு, பொரண்டு படுத்தா?"

நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன், அவள் கேட்டுக்கொண்டே போனாள். "வீடு உள்ளவளுக்கு இது பெட்டியில கெடக்கிற ஒரு சாமான். ஒனக்கு இது இடுப்புல தூக்கிட்டு அலையதுக்குள்ள கைப்பிள்ளையாக்கும், கேட்டியா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "வீடு இருந்தா நான் எதுக்கு மைனி ஒங்கிட்ட வந்து தோக்கு கேக்கேன்?" என்று கத்திவிட்டேன். கத்தி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமாகத் தங்கைக்கு முன்னால் அழாமல் இருந்தவள், முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். மைனி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய தோக்கில் இரண்டு குண்டையும் போட்டு ஒரு துணியில் சுற்றித் தந்தாள். பதிலுக்கு நான் பதினைந்து நாள் அவளுக்கு வெடிமருந்துக்குக் கரி இடித்துக் கொடுப்பதென்று பேச்சு.

அதை அரிசி வைக்கும் ஓலைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். என் தங்கைக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அந்த ஆளைவிட அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தாள். எந்தத் திசையில் படுத்தாலும் அதன் வாய் தன் பக்கம்தான் இருக்கிறது என்பாள். "சோத்துல இரும்பு வாடை அடிக்கு" என்று தட்டைத் தள்ளிவைத்தாள். நான் விடுவேனா? தட்டை எட்டிப் பார்த்த பெரியம்மையை விட்டு உனக்காகத்தானே வந்தேன் என்று சொல்லிக் காட்டினேன். அது பெரிய தப்பு. அவள் முகம் வாடிவிட்டது. "தோக்கத் திருப்பிக் குடுத்தாத்தான் ஒனக்க கூடப் பேசுவேன்" என்றாள். சொன்னபடி வாயை மூடிக்கொண்டாள். நாலு நாள். என் தங்கை நாலு நாள் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த நாலு நாளும் நான் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு சுவரை நினைத்துக்கொள்வேன். சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் ஒரு ஆணி. ஆணியில் தோக்கு தொங்கும், பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்கும், கீழே தங்கை கயிறு திரித்துக்கொண்டிருப்பாள். தோக்கை மாட்ட ஒரு ஆணி வேண்டும், ஆணி அடிக்க ஒரு சுவர் வேண்டும் என்று நினைப்பு அப்படியே போகும்.

ஐந்தாம் நாள் சித்திரை மாதத்துக் கோடைமழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்கிற நேரம். தங்கை குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போயிருந்தாள். வழக்கமாக ரோட்டுப் பக்கமாகத்தான் வருவாள். நான் வழியம்பலத்துக்குள் அடுப்பு மூட்டப் பார்த்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தேன். பின்பக்கம் ஈர மண்ணில் காலடி கேட்டது. திரும்பினேன். மழைக்கு நடுவில், தலையில் சாக்கைக் கூம்பாகக் கவிழ்த்துக்கொண்டு ஒரு உருவம் என்னை நோக்கி வந்தது.

"யாரது?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டதாகத்தான் ஞாபகம், ஆனால் சத்தம் வெளியே வந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயம் இல்லை. உருவம் நிற்கவில்லை. அரிசிப் பெட்டியைக் கவிழ்த்தேன். இரண்டு கையாலும் அதைத் தூக்கினேன். இங்கேதானே இருப்பீர்கள் என்று அவன் சொன்னது காதில் கேட்டது. இழுத்தேன்.

கல்கூரைக்குள் அந்தச் சத்தம் இடிபோல விழுந்தது. என் கை தோள்வரை மரத்துப்போனது. புகைக்கு அந்தப் பக்கம் சாக்கு கீழே விழுந்து கிடந்தது. என் தங்கை நின்றாள். அவள் இடுப்பில் குடம் இல்லை, குடத்தின் கழுத்து மட்டும் அவள் கைவளைவுக்குள் இருந்தது. தண்ணீர் அவள் பாவாடை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபடி அசையாமல் நின்று, நாலு நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினாள்.

"அக்கா, நாந்தான்."

ஓடிப்போய் அவளைத் தடவிப் பார்த்தேன். வயிறு, விலா, இடுப்பு, முதுகு. ஓடுவது தண்ணீரா ரத்தமா என்று தெரியாமல் கையை மழையில் நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஓட்டுச்சில்லு கீறிய ஒரு சின்னக் கோடு தவிர ஒன்றும் இல்லை. குண்டு குடத்தில் பட்டுப் போயிருந்தது. குடத்துக்கும் அவள் விலாவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று தண்ணீர்க்குடம் சுமந்த பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடைவெளியே கிடையாது.

குளம் மழையில் கலங்கிவிட்டதாம். அதனால் தங்கை மைனி வீட்டுக் கிணற்றில் போய்த் தண்ணீர் கோரியிருக்கிறாள். நனையாமல் போ என்று மைனிதான் ஒரு சாக்கை மடித்து அவள் தலையில் வைத்து அனுப்பியிருக்கிறாள். என்னோடு பேசக்கூடாது என்ற வீம்பில் இவள் வருகிறேன் என்று குரல் கொடுக்கவில்லை. நான் கேட்டது மழையில் அவள் காதில் விழவும் இல்லை. கலங்கின குளம், ஒரு சாக்கு, ஒரு வீம்பு. அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு டீக்கடையில் இருந்து நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாருக்கும் துப்பாக்கி ஞாபகம் வராது. "ஆரு வெடி போட்டது? இந்த நேரத்துல என்ன நேர்ச்சை?" என்றுதான் கேட்டார்கள். நான் தோக்கை முந்தியால் மூடிக்கொண்டு, தங்கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் போனால் உண்மை வெளியே வந்திருக்கும். போலீஸ், ஸ்டேஷன், தங்கை தனியாக ரோட்டில். அதுதான் அடுத்து நடந்திருக்கும்.

அதற்குள் மைனி வந்துவிட்டாள். தலைமுடி அவிழ்ந்து, சேற்றோடு, ஓடியே வந்திருக்கிறாள். ஊருக்கு எல்லா வெடியும் ஒன்றுதான். அவளுக்குத் தன் கதினாச் சத்தம் எது, கணவர் கொண்டுவந்த தோக்கின் சத்தம் எது என்று வித்தியாசம் தெரியும். என்னைப் பார்த்தாள், தங்கையின் கையில் இருந்த குடக்கழுத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் போட்டேன். எனக்க நேர்ச்சை."

"மழையிலயா? அப்பிடி என்ன நேர்ச்சை?" என்று ஒருவர் விடாமல் கேட்டார்.

"தொணைக்கு ரெண்டு பேரு வேணும்னு அம்மனுக்கு நேந்திருந்தேன். கெடச்சாச்சு. இன்னா இருக்காவல்லா" என்று எங்களைக் கை காட்டினாள்.

அவர்கள் போய்விட்டார்கள். அவள் எங்கள் ஓலைப்பெட்டியைத் தலையில் தூக்கி வைத்தாள். சிந்திய அரிசியைக்கூட அள்ள விடவில்லை. "எந்திரி மக்கா" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். வழியில் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அவரு போன பொறவு அந்தத் தோக்கு எனக்க தலமாட்டுல ரெண்டு வருசம் இருந்துதாக்கும். ஒருநாளும் நான் நல்லா ஒறங்கினதில்ல" என்றாள். கதவும் தாழ்ப்பாளும் உள்ள அந்த வீட்டில் அவள் எங்களைப் போலவே பயந்துகொண்டு கிடந்திருக்கிறாள். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

மறுநாள் மூன்று தோக்கையும் மீந்த ஒரு குண்டையும் சாக்கில் கட்டி, தெரிந்த கட்டுமரக்காரர் ஒருவரோடு போய்க் கடலில் போட்டுவிட்டு வந்தாள். அந்தச் சுமைக்காரன் பிறகு வரவே இல்லை. வெடிச்சத்தம் அவனுக்கும் கேட்டதா, வேறு சந்தைக்கு மாறிவிட்டானா, தெரியாது.

மைனி வீட்டில் ஒரு வேடிக்கை. மருந்து இருக்கிற வீடு, உள்ளே விளக்கு வைக்கக்கூடாது. அடுப்பு தூரத்தில் பலாமூட்டில். இருட்டுமுன் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, தடவித் தடவித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். விளக்கு எரிகிற வீட்டுக்குத்தான் நான் அவ்வளவு நாளும் ஏங்கினேன், கிடைத்தது விளக்கே வைக்க முடியாத வீடு. ஆனால் இரும்புத் தாழ்ப்பாள். முதல் நாள் இருட்டில் நான் அதைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். "தேஞ்சு போவும்ட்டி" என்று மைனி சிரித்தாள். பக்கத்தில் படுத்திருந்த தங்கையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன். விடிந்து வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

ஐந்து வருஷம் அங்கே இருந்தோம். எங்கள் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்த வருஷம் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணக் கடிதம் எழுதும்போது வீட்டுப்பேர் கேட்டார்கள். மைனி தன் வீட்டுப்பேரைச் சொல்லாமல், "புளியமூடுன்னே எழுதும்" என்றாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த வருஷம் எனக்கும் கல்யாணம் ஆகிப் பக்கத்து ஊருக்கு வந்தேன். மைனி கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் இருந்து கண்ணை மூடினாள்.

நானும் தங்கையும் சண்டை போடாத வருஷம் கிடையாது. பிள்ளைகள் கல்யாணத்துக்கு, ஒரு பலாப்பழத்துக்கு, ஒன்றும் இல்லாததற்கு. கோபம் வந்தால் அவள் எதையும் விட்டுவைக்க மாட்டாள், என் சின்ன வயசுத் திருட்டெல்லாம் வெளியே வரும். ஆனால் அந்தச் சாயங்காலத்தை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை. நீ என்னைச் சுட்டவள்தானே என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் அங்கேயே தோற்றிருப்பேன். அது அவளுக்கும் தெரியும். தன் கணவரிடமும் பிள்ளைகளிடமும்கூடச் சொல்லவில்லை. விலாவில் இருந்த கோட்டைக் கேட்டால், "கொடம் ஒடஞ்சு கீறினது" என்பாள். பொய்யும் இல்லை.

ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் இருந்தது. என் வீட்டுக்கு எப்போது வந்தாலும், பகலானாலும், வாசல் நிறைய ஆள் இருந்தாலும், வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, "அக்கா, நாந்தான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். "சித்தி, ஒங்க கொரலு எங்களுக்குத் தெரியாதா, எதுக்கு இந்தக் கூப்பாடு?" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் குற்றம் இருக்காது. நாற்பது வருஷத்துக்குமேல் அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு எழுந்து போவேன்.

தங்கை போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எனக்குச் சொந்த வீடு, இரண்டு கதவு, மூன்று தாழ்ப்பாள், அறைக்கு ஒரு விளக்கு. பொழுது சாய்ந்ததும் பேத்தி கதவைச் சாத்த வருவாள். கொஞ்சம் பொறு மக்கா என்று அவளை நிறுத்திவிட்டு வேலிப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எந்தத் தாழ்ப்பாளுக்காக அவ்வளவு ஏங்கினேனோ, அதைப் போட இப்போது என் கை வருவதில்லை, வெளியிலிருந்து "அக்கா, நாந்தான்" என்று ஒரு குரல் வந்துவிடாதா என்றிருக்கிறது.